தாழ்மைக்காக ஜெபிக்க ஜெபிக்க என்னைப் பற்றியே நினைக்கிறேன்

கடைசி வரிசை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பதினொரு வருடமாக எங்கள் சபையில் வாரந்தோறும் வேதபாடம் நடத்தி வந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு அந்தப் பொறுப்பை ஒரு இளைய சகோதரரிடம் கொடுத்தார்கள். என்னிடம் கேட்டுத்தான் கொடுத்தார்கள், நானும் முழு மனதாகவே சரி என்றேன். முதல் வாரம் அவருடைய பாடம் முடிந்ததும் வயதான ஒரு அம்மா என்னிடம் வந்து, "தம்பி, ரோமர் ஏழாம் அதிகாரம் இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது" என்றார். அதே அதிகாரத்தை அதே அம்மாவுக்கு நான் நான்கு முறை நடத்தியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே "நல்லது அம்மா" என்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்போதிருந்து தினமும் தாழ்மைக்காக ஜெபிக்கிறேன். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஜெபித்து முடித்ததும், இன்றைக்கு நான் தாழ்மையாக நடந்தேனா என்று சோதித்துப் பார்க்கிறேன். கடைசி வரிசையில் போய் உட்காருகிறேன். நான் அங்கே உட்கார்ந்திருப்பதை யாராவது கவனிக்கிறார்களா என்று கண் தேடுகிறது. காலையிலிருந்து இரவு வரை என்னை நானே காவல் காக்கிற மாதிரி இருக்கிறது. முன்பு இருந்ததைவிட இப்போதுதான் என்னைப் பற்றி அதிகமாக நினைக்கிறேன்.

"உன்னைப் பார்க்காதே, தேவனுடைய மகத்துவத்தைப் பார், தாழ்மை தானாக வரும்" என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எப்படிப் பார்ப்பது? வசனங்கள் எனக்கு மனப்பாடம். அதுவே ஒரு தடையோ என்றும் தோன்றுகிறது.

வான்நோக்கி எழுதியது:

பிரதர், எனக்கு உதவியது வானம். வெளிச்சம் இல்லாத இடத்தில் இரவில் போய் நில்லுங்கள். ஆண்ட்ரொமீடா என்று ஒரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. நிலவில்லாத இரவில் வெறும் கண்ணுக்கே மங்கலான ஒரு புகைத்திட்டு போலத் தெரியும். அதிலிருந்து இன்றைக்கு நம் கண்ணில் வந்து விழுகிற ஒளி சுமார் 25 லட்சம் வருடங்களுக்கு முன்பு புறப்பட்டது. ஒளி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் வந்தும் அத்தனை காலம்.

தாவீதிடம் தொலைநோக்கி இல்லை. இருந்தும், "உமது விரல்களின் கிரியையாகிய உம்முடைய வானங்களை" என்று பாடிவிட்டு, மனுஷன் எம்மாத்திரம் என்று கேட்டார். விரல்களின் கிரியை என்கிற சொல்லைக் கவனியுங்கள். கையைக்கூட நீட்டவில்லை, விரல்தான். அதை நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் மேலே பார்த்தால், யார் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்பதெல்லாம் எங்கோ போய்விடும்.

மண்பாண்டம் எழுதியது:

வான்நோக்கி தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு.

வானம் நம்மைச் சிறியவராக உணர வைக்கும். சிறியவராக உணர்வதும் தாழ்மையும் ஒன்றல்ல. தானியேல் நான்காம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அரமனைமேல் உலாவிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே வானம் இருக்கத்தான் செய்தது. அவன் கீழே பார்த்து, "நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா" என்றான். பெரியதொன்றின் அருகில் நிற்பதாலேயே ஒருவருடைய மனம் வளைந்துவிடுவதில்லை.

எனக்கு ஏசாயா ஆறாம் அதிகாரம்தான் இதைத் திறந்து காட்டியது. அதை ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடங்கி வாசியுங்கள். ஐந்தில் ஏசாயா ஆறு முறை "ஐயோ" என்கிறார். வீட்டோடு வீடு சேர்ப்பவர்களுக்கு, விடியும்போதே மதுவைத் தேடுபவர்களுக்கு, தீமையை நன்மை என்பவர்களுக்கு, தங்கள் பார்வைக்கே ஞானிகளாக இருப்பவர்களுக்கு என்று வரிசையாகப் போகிறது. எல்லாம் மற்றவர்களுக்கு. சொன்னதில் தவறும் இல்லை, அத்தனையும் உண்மை. அடுத்த அதிகாரத்தில் உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில் அவர் ஆண்டவரைக் காண்கிறார். அப்போது ஏழாவது "ஐயோ" வருகிறது: "ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்."

உதடுகள்! தீர்க்கதரிசிக்கு வேறு என்ன கருவி இருக்கிறது? திருடின கை என்றோ தவறான வழியில் போன கால் என்றோ அவர் சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே சிறந்தது எதுவோ, ஆறு "ஐயோ"க்களைச் சரியாகச் சொன்னது எதுவோ, அதைத்தான் அசுத்தம் என்கிறார். கடைசி வரிசை தம்பி, உங்களுக்கு அந்த இடம் வேதபாடம் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அது வேறொரு இடம்.

இன்னொன்று. அவர் கண்டது என்ன? "வஸ்திரத்தொங்கலால் தேவாலயம் நிறைந்திருந்தது." தொங்கல் மட்டும். உடையின் விளிம்புக்கே ஆலயத்தில் இடம் போதவில்லை. அங்கே நின்ற சேராபீன்கள் என்னும் தூதர்கள் பாவம் செய்தவர்கள் அல்ல. ஆனாலும் ஆறு செட்டைகளில் இரண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள், இரண்டால் கால்களை மூடிக்கொண்டார்கள், மிச்சம் இரண்டுதான் பறப்பதற்கு. வணக்கத்துக்கு நான்கு, வேலைக்கு இரண்டு. என் நாளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் கண்டுகொண்டேன்.

வான்நோக்கி எழுதியது:

அக்கா, ஏழாவது "ஐயோ"வை நான் கவனித்ததே இல்லை. இன்றைக்கு இரண்டு அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தேன்.

ஆனால் நேபுகாத்நேச்சாரை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதே அதிகாரத்தின் முடிவில், "என் கண்களை வானத்துக்கு ஏறெடுத்தேன், என் புத்தி எனக்குத் திரும்பிவந்தது" என்கிறானே. பார்வை எங்கே போனதோ அங்கிருந்துதான் புத்தியும் திரும்பியது. என்னை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாதீர்கள்.

மண்பாண்டம் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. முதலில் பார்த்தது தான் கட்டினதை, பிறகு ஏறெடுத்தது தன்னைக் கட்டினவரை நோக்கி. வித்தியாசம் அதுதான்.

அமைதிக்கரை எழுதியது:

இதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் முன்பு இருந்த ஒரு சபையில் எங்கள் வாயை மூட வைத்த சொல் "தாழ்மை". காணிக்கைக் கணக்கைக் கேட்டால் உனக்குத் தாழ்மை இல்லை. ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தது, அதைச் சொன்னால் தாழ்மை இல்லை. ஞாயிறுதோறும் தேவன் எவ்வளவு பெரியவர் என்று ஒரு மணி நேரம் கேட்போம். கேட்கக் கேட்க நாங்கள் சுருங்கிக்கொண்டே போனோம், மேடையில் நின்றவர் வளர்ந்துகொண்டே போனார். கடைசியில் அந்தப் பெரியவருடைய இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போதும் இந்தச் சொல்லைக் கேட்டால் என் தோள்கள் இறுகுகின்றன. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மகத்துவத்தைப் பற்றிப் பேசும்போது என்னைப் போல ஒருத்தி பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேனா எழுதியது:

மகளே, எழுதினீர்களே, நல்லது. உங்களுக்கு நடந்ததற்குத் தாழ்மை என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டியவரிடம் கொடுப்பார்கள்.

வயதானவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேதத்தில் "தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன்" என்று ஒருவர் சொல்கிறார், ஆபிரகாம். இதைவிடத் தாழ்வாகப் பேச முடியுமா? அதை எந்தச் சமயத்தில் சொன்னார் என்று பாருங்கள். சோதோம் பட்டணத்தை அழிக்க வேண்டாம் என்று வழக்காடிக்கொண்டிருக்கிறார். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று தேவனிடமே கேட்டுவிட்டார். அங்கே ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது? முப்பது? இருபது? பத்து? ஆறு முறை கேட்கிறார். தூளும் சாம்பலும் என்ற சொல் அந்த இரண்டாவது கேள்விக்கு முன்னால் வருகிறது. அதைச் சொன்ன பிறகும் ஐந்து முறை கேட்டார். தேவன் ஒரு தடவையாவது "உனக்குத் தாழ்மை இல்லை" என்றாரா? இல்லை. ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்.

அநியாயத்துக்கு எதிராகப் பேசுவது தேவபயத்துக்கு எதிரானதென்றால் ஆபிரகாம் முதலில் மாட்டியிருப்பார்.

அப்புறம் அந்த மேடை. நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு, பேதுருவின் காலில் விழுந்து பணிந்தபோது பேதுரு என்ன செய்தார்? அவனைத் தூக்கியெடுத்து, எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான் என்றார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் யோவான் தூதனுடைய பாதத்தில் விழுகிறார். தூதன் பதறித் தடுத்து, தேவனைத் தொழுதுகொள் என்கிறான். தேவனுடைய மகத்துவத்தை உண்மையாகக் கண்ட ஒருவர் இன்னொருவரைத் தன் காலடியில் வைத்துக்கொள்ள மாட்டார், வைக்க அவருக்குப் பயமாக இருக்கும். சபையில் ஒருவருக்குமுன் மற்றவர்கள் சுருங்கிக்கொண்டே போனால், அங்கே தேவன் பெரியவர் என்கிற செய்தி நின்று வெகு நாளாகிவிட்டது என்று அர்த்தம், அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாலும்.

கணக்கு கேட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தர்மப்பணத்தை எருசலேமுக்குக் கொண்டுபோகும்போது, தன்மேல் யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று பவுலே வேறு சகோதரரைக் கூட அனுப்பினார். இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்டது அவர் தானாகவே கொடுத்த ஒன்றைத்தான்.

அமைதிக்கரை எழுதியது:

ஐயா, தூளும் சாம்பலும் என்று சொன்ன பிறகு ஐந்து முறை. இதை என் வேதாகமத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். வேறொன்றும் இப்போது சொல்லத் தெரியவில்லை.

அகல்விளக்கு எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் பக்கம் இதைத் தாழ்ச்சி என்போம். சொல்தான் வேறு.

புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குமுறையில் ஏழாவது அதிகாரம் முழுக்கத் தாழ்ச்சியைப் பற்றியது. யாக்கோபு கண்ட ஏணியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு படிகள் சொல்கிறார். நம்மை உயர்த்திக்கொள்ளும்போது அந்த ஏணியில் இறங்குகிறோம், தாழ்த்திக்கொள்ளும்போது ஏறுகிறோம். கடைசி வரிசை அண்ணனுக்காக நான் சொல்ல வந்தது முதல் படி. கடைசி இடத்தில் உட்காருவதோ குறைவாகப் பேசுவதோ அங்கே வராது, அவையெல்லாம் மிகவும் பின்னால். முதல் படி, இறைவனுக்கு அஞ்சும் அச்சத்தை எப்போதும் கண்முன் வைத்திருப்பது, அவர் பார்க்கிறார் என்பதை மறக்காமல் இருப்பது. பன்னிரண்டாவது படியில்தான் தாழ்ச்சி உடலிலும் நடையிலும் வெளியே தெரிகிறது. அண்ணன் பன்னிரண்டாவது படியில் காலை வைத்துவிட்டு முதல் படியைத் தேடுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஏறி முடித்த பிறகு என்ன வரும் என்றும் அவர் சொல்கிறார்: அச்சத்தை வெளியே தள்ளும் நிறைவான அன்பு. அச்சத்தில் தொடங்கினாலும் அச்சத்தில் நிற்பதில்லை. அமைதிக்கரை சகோதரிக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். அன்னை மரியா "ஆண்டவரை எனது உள்ளம் போற்றிப் பெருமைப்படுத்துகின்றது" என்றுதான் தொடங்குகிறார். தன் தாழ்நிலை அடுத்துதான் வருகிறது. எல்லாத் தலைமுறையினரும் என்னைப் பேறுபெற்றவர் என்பார்கள் என்று கூசாமல் சொல்கிறார். தனக்குக் கிடைத்ததை அவர் மறைக்கவில்லை. கொடுத்தவரைப் பார்த்துக்கொண்டே சொல்வதால் அது பெருமையாக ஆகவில்லை.

சொல்வேர் எழுதியது:

சிறிய குறிப்பு. பழைய ஏற்பாட்டில் மகிமை என்று நாம் வாசிக்கிற இடங்களில் எபிரெயுவில் பெரும்பாலும் "காவோத்" என்ற சொல் இருக்கும். அதன் வேருக்கு எடை, பாரம் என்று பொருள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவாயாக என்ற கட்டளையிலும் அதே வேர்தான். தமிழில் மொழிபெயர்த்தவர்களுக்கு எவ்வளவு நல்ல சொல் கிடைத்திருக்கிறது பாருங்கள்: நம்முடைய "கனம்" எடையையும் குறிக்கிறது, மரியாதையையும் குறிக்கிறது.

ஆகவே தேவனைக் கனம்பண்ணுவதை, அவருக்கு நம் தராசில் உரிய எடையைக் கொடுப்பது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஒரு தட்டில் அவர் வந்து அமர்ந்தால் அடுத்த தட்டில் இருக்கிற என் பெயர், என் பொறுப்பு, அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியம் எல்லாம் தானே லேசாகி மேலே போய்விடும். நான் அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

கடைசி வரிசை எழுதியது:

எல்லாருடைய பதிலையும் இரண்டு தடவை வாசித்தேன். மண்பாண்டம் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வலித்தது, ஆனால் சரியான இடத்தில் வலித்தது.

என் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது மாதிரியும் இருக்கிறது, தெரியாதது மாதிரியும் இருக்கிறது. யோபு, "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்றாரே. நான் இன்னும் காது மட்டத்திலேயே நிற்கிறேன். தினசரி வாழ்க்கையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்களேன்.

மண்பாண்டம் எழுதியது:

நான் செய்வதைச் சொல்கிறேன், சாதாரணமானதுதான். என் ஜெபம் ஒரு காலத்தில் முழுக்க முழுக்க விண்ணப்பப் பட்டியலாக இருந்தது. என் வேலை, என் பிள்ளைகள், என் கோபம், என் தாழ்மை. ஒரு நாள் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது அதன் வரிசை உறைத்தது. உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம். மூன்று முறை "உம்முடைய" வந்த பிறகுதான் "எங்களுக்கு" வருகிறது. அங்கேயும் "எனக்கு" என்று இல்லை.

அன்றிலிருந்து முதல் பத்து நிமிடம் எதுவும் கேட்பதில்லை. 104ஆம் சங்கீதத்தையோ 145ஆம் சங்கீதத்தையோ சத்தமாக வாசிப்பேன், நடுவில் நிறுத்தி நிறுத்தி. முதல் சில வாரம் வறட்சியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதெல்லாம் தொண்டையில் வந்து நிற்கும். பிறகு மெல்ல மெல்ல, பத்து நிமிடம் கழித்துக் கேட்க உட்காரும்போது பட்டியல் குட்டையாகிவிட்டிருப்பதைக் கவனித்தேன். தாழ்மை என்ற விண்ணப்பத்தை எப்போது கேட்காமல் விட்டேன் என்று ஞாபகம் இல்லை.

முழங்காலிடுவதையும் விட்டுவிடாதீர்கள். மனம் வராத நாளில் உடம்பாவது போகட்டும்.

பழைய பேனா எழுதியது:

அந்த அக்கா சொன்னதே போதும். நான் இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

தேவனுடைய மகத்துவம் என்றால் உயரம் என்றே நாம் எண்ணுகிறோம். யோவான் 13ஐ எடுத்துப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்றும், தேவனிடத்திலிருந்து வந்தார், தேவனிடத்திற்குப் போகிறார் என்றும் இயேசு அறிந்திருந்தார் என்று வசனம் சொல்கிறது. எல்லாம் தம் கையில் இருப்பதை அறிந்தவர் அந்தக் கையால் எதை எடுத்தார்? ஒரு சீலையை. பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினார். யூதாஸ் அப்போது இன்னும் எழுந்துபோகவில்லை, அவன் காலும் அதில் உண்டு. ஆகவே மகத்துவத்தைப் பார் என்று சொல்கிறவர்கள் சிங்காசனத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பாத்திரத்துத் தண்ணீரையும் காட்ட வேண்டும். அதைக் காட்டாமல் உயரத்தை மட்டும் பேசினால், அமைதிக்கரை மகள் சொன்னதுபோல் மனிதர்கள் சுருங்கித்தான் போவார்கள்.

இரண்டாவது, கடைசி வரிசை தம்பிக்கு மட்டும். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்று யோவான்ஸ்நானன் சொன்னதை எத்தனையோ முறை போதித்திருப்பீர்கள். எந்தச் சூழ்நிலையில் சொன்னார்? அவருடைய சீஷர்கள் வந்து, எல்லாரும் இயேசுவினிடத்தில் போகிறார்கள் என்று முறையிட்டபோது. கூட்டம் குறைந்துவிட்டது. உங்கள் இடம்தான் அது. அவருக்கு அதில் சந்தோஷம் எங்கிருந்து வந்தது? மணவாளனுடைய தோழன் அருகே நின்று மணவாளனுடைய சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறான் என்கிறார். தான் சிறுகுவதை அவர் அளந்துகொண்டு நிற்கவில்லை. அவர் காது அந்தச் சத்தத்தில் இருந்தது.

அந்த இளைஞருடைய பாடத்தில் மணவாளனுடைய சத்தம் கேட்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள் தம்பி.

கடைசி வரிசை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அக்கா சொன்ன பத்து நிமிடத்தைத் தொடங்கினேன். வறட்சியாகத்தான் இருக்கிறது, நிறுத்தவில்லை. போன வாரம் அந்தச் சகோதரரிடம் போய், "தம்பி, ரோமர் ஏழில் அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் முதலில் நான் சோதிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மிரண்டுபோனார். அப்புறம் சொன்னார். அந்த அதிகாரத்தின் பின்பாதியில் "நான், நான்" என்று வந்துகொண்டே இருக்கிறது, பவுல் தன்னையே தோண்டுகிறார், தோண்டத் தோண்டப் பள்ளம்தான் ஆழமாகிறது. கடைசியில் "நிர்ப்பந்தமான மனுஷன் நான்" என்று கதறும்போது, எப்படி விடுதலையாவேன் என்று கேட்கவில்லை, "யார் என்னை விடுதலையாக்குவார்" என்று கேட்கிறார். எட்டாம் அதிகாரத்துக்குள் நுழைந்ததும் "நான்" குறைந்துபோய் ஆவியானவர் நிறைந்துவிடுகிறார்.

நான்கு முறை நடத்தியும் அந்த "யார்" என் கண்ணில் பட்டதில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு ஏன் புரிந்தது என்று எனக்கும் புரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த நேரம் முழுவதும் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று தெரிந்தது. தெரிந்த நிமிடமே பழையபடி காவல் தொடங்கிவிட்டது. சரி, மறுநாள் காலை 104ஐ மறுபடி எடுத்தேன்.

அடுத்த மாதம் அவர் யோபு நடத்தப்போகிறார். தேவன் யோபுவிடம் பேசத் தொடங்குகிற 38ஆம் அதிகாரத்தை நடத்தத் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். பழைய பேனா ஐயா, மண்பாண்டம் அக்கா, அந்த அதிகாரத்தில் உங்களிடம் ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். வான்நோக்கி தம்பியும் எழுத வேண்டும், அறுமீன், மிருகசீரிஷம் என்கிற நட்சத்திரங்கள் அங்கேதான் வருகின்றன. எல்லாவற்றையும் சேர்த்து அவரிடம் கொடுக்கிறேன்.